கேட்டவர் கையெழுத்து

காலை ஐந்து மணி பதினெட்டு நிமிடத்துக்கு வேன் கிளம்பியது. மூன்று நிமிடம் தாமதம். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வெளியே பார்த்தாள். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அதை முறைச்சா வண்டி வேகமாப் போயிடுமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன். கோடை விடுமுறையில் சும்மா நின்றது. பின் இருக்கைக்கு அடியில் யாருடையதோ ஒற்றை ஷூ ஒன்று திருப்பத்துக்குத் திருப்பம் உருண்டது. நாத்தனார் பதினோரு வருடமாக இந்த வேனை ஓட்டுகிறாள். பிள்ளைகள் அவளை ஹாரன் அக்கா என்பார்கள். அவள் ஹாரன் அடிப்பதே இல்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு குரல் கொடுத்தால் போதும், பால் வண்டி, தபால் வண்டி எல்லாம் ஒதுங்கும்.

"இது கேக்குதா உங்களுக்கு?"

"எது?"

"முன் சக்கரத்துப் பக்கம். கீ...ன்னு ஒரு சத்தம். ரெண்டு வாரமாச்சு. மெக்கானிக் எனக்கு ஒண்ணும் கேக்கலைங்கிறார். நாள் முழுக்கச் சுத்தியலோட குடும்பம் நடத்துறவருக்கு என்ன கேக்கும்?"

அவள் காதைக் கொடுத்தாள். எஞ்சின் உறுமியது. ஷூ உருண்டது.

"எனக்கும் ஒண்ணும் கேக்கல."

"உங்க ஞாபகம் இங்க இருந்தாத்தானே."

அது உண்மைதான். இரவெல்லாம் அவள் புரண்டுகொண்டிருந்தாள். பரீட்சை அட்டையை மடியிலிருந்து எடுத்து, கிளிப்பில் இருந்த தாளைச் சரிபார்த்து, மறுபடி மடியில் வைத்தாள். தாளில் பத்து வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நேரம், எண்ணிக்கை, கேட்டவர் கையெழுத்து என்று மூன்று கட்டம்.

ஊரில் அவளுக்குக் கண்ணாடிக்கடை. கண்ணைச் சோதித்து, பவர் எழுதி, சட்டத்தில் வில்லை பொருத்தித் தருவாள். பத்தொன்பது வருடமாகக் கோடையில் ஒரு நாள் கடைக்குப் பூட்டு. அன்று புல்வெளியில் நடப்பாள். ரோட்டில் தொடங்கி, புல்லுக்குள் மூன்று கிலோமீட்டர் போய், சதுப்பு ஓரத்தில் முடியும் பாதை. பத்து நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். காதில் விழும் ஊசிக்குருவிகளை எண்ண வேண்டும்.

புத்தகத்தில் அந்தக் குருவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. பறவை பார்க்கும் குழுவில் ஊசிக்குருவி என்றே சொல்வார்கள். கட்டைவிரல் அளவு. பழுப்பு. புல்லின் அடியிலேயே பிறந்து அங்கேயே செத்துப்போகும். கண்ணில் படாது. குரலை வைத்துத்தான் கணக்கு. ஊசியைக் காதுக்குள் விட்டு இழுத்த மாதிரி மெல்லிய ஒரு குரல்.

குழு அச்சடித்த விதிமுறைத் தாளில் முதல் விதி இது: ஆள் மாறக் கூடாது. ஆள் மாறினால் காது மாறும், காது மாறினால் கணக்கு மாறும். அதனால் பத்தொன்பது வருடமும் அவளே வந்தாள். காய்ச்சலோடு வந்திருக்கிறாள். மாமியார் இறந்த பதினாறாம் நாள் வந்திருக்கிறாள்.

முதல் வருடம் முப்பத்தொன்று. அதன்பின் பல வருடம் இருபதுக்குக் குறையவில்லை. அப்புறம் பதினான்கு, ஒன்பது, ஐந்து, இரண்டு. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் பூஜ்யம்.

அந்தச் சரிவை அவள்தான் கோடாக வரைந்தாள். புல்வெளியைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினாள். குழுக் கூட்டத்தில் அதைக் காட்டிப் பேசும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அலுவலகம் அந்தக் கோட்டை நன்றியோடு வாங்கிக்கொண்டது. மூன்று கோடை தொடர்ந்து குருவி இல்லையென்றால் புல்வெளி காப்புப் பட்டியலிலிருந்து நீங்கும் என்று பதில் எழுதியது. நீங்கினால் அங்கே வண்டிகள் நிறுத்த இடம் கட்டுவார்கள். இந்தக் கோடை மூன்றாவது.

இன்று மூன்று குருவியாவது வேண்டும். ஒன்றிரண்டு என்றால் வழிதவறி வந்தது என்று தள்ளிவிடுவார்கள். மூன்று நிறுத்தத்தில் மூன்று குரல். பத்தரை மணிக்கு அலுவலகத்து ஆள் புல்வெளி வாசலில் நிற்பார். தாளை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

நாத்தனார் வேனை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"இறங்குங்க. உங்க குருவி எந்திரிச்சிருக்கும்."

நாத்தனார் உதவிக்கு வந்தவள் இல்லை. போன மாதம் கண்ணாடிக்கடையில் அண்ணிக்குத் தலை சுற்றியது. தனியாக அனுப்ப மாட்டேன் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். தங்கையைத் துணைக்கு அனுப்பிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

வண்டி நிறுத்தும் இடம் வேண்டுமென்று எழுதிக்கொடுத்தவர்களில் நாத்தனாரும் ஒருத்தி. பட்டியலில் ஆறாவது பெயர். தெருவில் வேனை விட்டால் அக்கம்பக்கத்தில் சண்டை. பக்கக் கண்ணாடியை இரண்டு முறை உடைத்துவிட்டார்கள். நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்று இல்லாவிட்டால் அடுத்த பள்ளி ஆண்டுக்கு உரிமம் இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. உரிமம் இல்லையென்றால் வேன் இல்லை. வேன் இல்லையென்றால் அண்ணன் வீட்டு முன்னறையில் நாத்தனார் என்ன செய்வாள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் இந்தப் பேச்சு வராமல் மூன்று பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் நிறுத்தம். அவள் கையைத் தூக்கினாள்: பேசாதே.

வானம்பாடி ஒன்று மேலே ஏறியது. எங்கோ ஆள்காட்டி கத்தியது. காற்று புல்லைச் சீவிவிட்டுப் போனது. ஐந்து நிமிடம். நாத்தனார் மூன்று முறை பெருமூச்சு விட்டாள், ஒரு முறை கொட்டாவி. அவள் பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"முடிஞ்சுதா? பேசலாமா?"

"நடக்கும்போது பேசு. நின்னா வாயை மூடு."

"கல்யாணம் ஆன புதுசுல இவ்வளவு அதிகாரம் இல்ல உங்ககிட்ட."

இரண்டாவது பூஜ்யம். மூன்றாவது பூஜ்யம். மூன்றாவதில் பாதை நீர் தேங்கிய பள்ளத்தை ஒட்டிப் போனது. கோரைக்குள்ளிருந்து தாழைக்கோழி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. வெள்ளைக் கொக்குகள் நான்கு சேற்றில் ஒற்றைக்காலில் நின்றன.

"இந்தக் கொக்கு எழுதக் கூடாதா? நல்லா தெரியுதே. ஒண்ணுக்கு நாலா நிக்குது."

"கொக்கை எங்க குழுவுல இருக்கற பேங்க்காரர் அந்தக் கரையில எண்ணுவார்."

"பங்கு பிரிச்சுட்டீங்களா? நல்லது. சொந்தத்துல சண்டை வராது."

அவள் சிரிக்கவில்லை. நான்காவது நிறுத்தத்துக்கு வேகமாக நடந்தாள். வெயில் ஏறினால் குருவி வாயை மூடிவிடும். ஏழரை, எட்டுக்குள் பாதியாவது தாண்ட வேண்டும். வியர்வை கண்ணில் இறங்கியது. கைக்குட்டையை எடுத்தாள், துடைத்தாள், எங்கே வைத்தோம் என்று தேடினாள். கையில்தான் இருந்தது.

நான்காவது நிறுத்தம் மேட்டில் இருந்தது. அங்கிருந்து புல்வெளி முழுவதும் தெரிந்தது. நாத்தனார் இடுப்பில் கைவைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். எத்தனை வேன் நிற்கும் என்று அவள் மனதுக்குள் நிறுத்திப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. அண்ணி பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கையை இறக்கிவிட்டாள்.

"நல்ல காத்து," என்றாள்.

பூஜ்யம். ஐந்தாவது பூஜ்யம். ஆறாவதில் அவள் விதியை மீறி இன்னொரு இரண்டு நிமிடம் நின்றாள். கழுத்தை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்தாள். காற்று. புல். தன் நெஞ்சு அடிக்கும் சத்தம்.

பேனாவை அழுத்திப் பூஜ்யம் போட்டாள். தாள் லேசாகக் கிழிந்தது.

ஏழாவதுக்கு வரும்போது மணி ஒன்பதாக ஐந்து நிமிடம். தாழ்வான இடம். புல் தோள்வரை. நாத்தனார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, என்ன பூச்சி அண்ணி இது! வந்ததுலேர்ந்து மண்டையைக் குடையுது. உங்களுக்கு இந்த எரிச்சலே இல்லையா?"

அவள் வாயில் விரல் வைத்தாள். அப்புறம் மெதுவாக விரலை எடுத்தாள்.

"என்ன பூச்சி?"

"யாருக்குத் தெரியும்? சில்வண்டோ என்னவோ."

"காலையில, இந்தக் காத்துல சில்வண்டு கத்தாது."

"அதுகிட்ட சொல்லுங்க."

"எப்படிக் கத்துது? செஞ்சு காட்டு."

நாத்தனார் சிரித்தாள். அண்ணி சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். பள்ளி வேனில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஆசிரியர் ஒவ்வொருவரைப் போலவும் பேசிக்காட்டுகிறவள். நாக்கைப் பல்லில் ஒட்டி, உதட்டை இழுத்து, மெல்லிசாகச் சத்தம் எழுப்பினாள்.

"ஸ்ஸிரிரிரிரிரிரி..." நிறுத்தினாள். விரலைச் சொடுக்குவது போல, "ட்டிக், ட்டிக்."

அவள் அசையாமல் நின்றாள்.

கடைசி இரண்டு சொடுக்கு. அதைப் பூச்சி செய்யாது. எந்தப் பூச்சியும் செய்யாது. புத்தகத்தில் அதை எழுதியிருப்பார்கள், ஆனால் அவள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை. மூன்று வருடமாகக் கேட்காத குரல் நாத்தனாரின் வாயிலிருந்து வந்தது.

"இப்பவும் கேக்குதா?"

"ஆமா. அதோ, அந்தச் சாஞ்ச தண்டு பக்கம்."

"எப்ப கத்துது, எப்ப நிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இரு."

அவள் பைனாகுலரை எடுத்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டினாள். காய்ந்த தண்டுகள், பச்சைத் தண்டுகள், நடுவே நிழல்.

"இருக்கு," என்றாள் நாத்தனார் பின்னாலிருந்து. "இருக்கு. இருக்கு. நின்னுடுச்சு. ஆரம்பிச்சுடுச்சு."

நிழலில் பழுப்பாக ஒன்று தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அலகு திறந்திருந்தது. தொண்டை அதிர்ந்தது. வால்வரை அந்த அதிர்வு போனது. சத்தம் இல்லை. ஒலியை அடைத்துவிட்டு டிவி பார்ப்பது போல இருந்தது.

"நின்னுடுச்சு," என்றாள் நாத்தனார்.

அலகு மூடியது.

அவள் பைனாகுலரை இறக்கினாள். கண்ணாடிக்கடைக்கு வாரத்துக்கு ஒருவராவது வந்து சண்டை போடுவார்: என் பார்வைக்கு ஒன்றும் இல்லை, பேப்பர்க்காரன்தான் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டான். அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே அவரை நாற்காலியில் உட்காரவைப்பாள். மூன்று வருடமாக, அதற்கும் முன்னாலேயிருந்து, அவளும் பேப்பர்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைக் கோடாக வேறு வரைந்து அனுப்பியிருக்கிறாள்.

"அண்ணி? தலை சுத்துதா?"

"வீட்டுல பிரிட்ஜ் கதவு சாத்தலைன்னா சத்தம் வருமே. வருதா இப்பவும்?"

"வராம என்ன? கீ கீன்னு உயிரை வாங்கும். நீங்க பக்கத்துலயே நின்னு காய் நறுக்குவீங்க. நான்தான் முன்னறையிலேர்ந்து ஓடிவந்து சாத்துவேன்."

"யாரும் எங்கிட்ட சொல்லலையே."

"என்னன்னு சொல்றது? ஏதோ யோசனையில இருக்கீங்கன்னு நெனச்சோம். குருவி யோசனை."

"உங்கண்ணன் இப்பல்லாம் வாய்க்குள்ளேயே பேசுறார்."

நாத்தனார் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அண்ணன் எப்பவும் பேசுற மாதிரிதான் பேசுறார்," என்றாள். முதல்முறையாகக் குரல் தாழ்ந்தது.

அவள் போனை எடுத்தாள். எதிர்க்கரையில் வாத்தும் கொக்கும் எண்ணும் பேங்க்காரரைக் கூப்பிட்டாள். ஓய்வுபெற்று எட்டு வருடம் ஆனவர்.

"சார், ஒண்ணு கேக்கணும். ஊசிக்குருவிச் சத்தம் நீங்க கடைசியா எப்பக் கேட்டீங்க?"

"ஆங்?"

"ஊசிக்குருவி சார்!"

"அதுவா. நாலஞ்சு வருஷம் இருக்கும்மா. ஏன்?"

"ஏன் சொல்லல எங்கிட்ட?"

"எனக்கு வயசாயிடுச்சு, அதான் கேக்கலைன்னு நெனச்சேன். அப்புறம் நீங்களே பூஜ்யம்னு எழுதினீங்களா, சரி, என் காது நல்லாத்தான் இருக்கு, குருவிதான் போயிடுச்சுன்னு... ஆங்? என்னம்மா? லைன் சரியில்ல."

லைன் சரியாகத்தான் இருந்தது. போனை அணைத்தாள்.

ஏழாவது வரிசையில் ஒன்று என்று எழுதினாள். கண்ணால் பார்த்தது, விதிப்படி செல்லும். கையெழுத்துப் போட்டாள். இன்னும் இரண்டு வேண்டும். மூன்று நிறுத்தம் மிச்சம். கடந்த நிறுத்தத்துக்குத் திரும்பக் கூடாது, அதுவும் விதி.

"அது பூச்சி இல்ல," என்றாள்.

"பின்ன?"

"அதுதான்."

நாத்தனார் புல்லைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். காதிலிருந்து கைகள் தானாக இறங்கின.

"வந்ததுலேர்ந்து கேக்குதுன்னியே. எங்கெங்க கேட்டுச்சு?"

"அப்படியா சொன்னேன்?"

"சொன்ன."

"பூச்சின்னு நெனச்சு ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அண்ணி. பூச்சிக்கெல்லாம் யாரு கணக்கு வச்சுக்கிட்டு நடப்பா?"

இருவரும் எட்டாவதுக்கு நடந்தார்கள். இந்தமுறை நடக்கும்போதும் நாத்தனார் பேசவில்லை. பாதை சேறாக இருந்தது. அண்ணியின் செருப்பைச் சேறு ஒவ்வோர் அடிக்கும் உறிஞ்சி விட்டது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. கனமான சத்தம் எல்லாம் கேட்டது. ஆள்காட்டி, காகம், ரோட்டில் லாரி. அதுதான் ஏமாற்றிவிட்டது. காது செத்துப்போகவில்லை. மேல் ஓரம் மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது, கறையான் தின்ற சட்டம் போல.

எட்டாவதில் நின்றார்கள்.

"உன் காதைக் கடன் கொடு," என்றாள். "கேட்டா விரலைத் தூக்கு. அவ்வளவுதான்."

"ஆள் மாறக் கூடாதுன்னு விதி இருக்குன்னீங்க."

"இருக்கு."

"அப்புறம்?"

"கேட்டவர் கையெழுத்துன்னு கட்டம் இருக்கு. நீ போடு. ஆள் மாறிடுச்சுன்னு கீழ நான் எழுதித் தர்றேன். ஏன் மாறிச்சுன்னும் எழுதறேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே அண்ணி. கடைக்கு வர்றவங்க, கூட்டத்துல இருக்கறவங்க..."

"தெரியட்டும்."

ஐந்து நிமிடம். நாத்தனார் கைகட்டி நின்றாள். விரல் எழவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது நிமிடத்தில் கண் ஒரு பக்கம் போய்த் திரும்பியது. அவள் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பினாள். புல். வெறும் புல்.

"இல்ல," என்றாள் நாத்தனார்.

"அந்தப் பக்கம் பார்த்தியே."

"தும்பி பறந்துச்சு."

"தும்பிதானா?"

"கண்ணும் போயிடுச்சுங்கிறீங்களா எனக்கு?"

அவள் போனைத் தலைக்கு மேலே பிடித்துப் பதிவு செய்தாள். அதை நாத்தனார் காதில் வைத்தாள். காற்று இரைந்தது.

"காத்துதான். நீங்களே கேளுங்களேன். ஓ..." நாத்தனார் உதட்டைக் கடித்தாள். பிறகு வந்தது கோபம். "நேராக் கேளுங்க அண்ணி. இவ வேனுக்கு இடம் வேணும், அதனால இல்லைங்கிறா. அதானே மனசுல இருக்கு?"

"நான் சொல்லல."

"சொல்லாட்டி? பதினாறு வருஷம் ஒரே வீட்டுல இருக்கேன். உங்க வாயைவிட மூஞ்சி நல்லாப் பேசும்."

அவள் எட்டாவது வரிசையில் பூஜ்யம் எழுதினாள். அட்டையை நீட்டினாள். நாத்தனார் பேனாவை வாங்காமல் ஒரு கணம் நின்றாள். பிறகு வாங்கிப் போட்டாள். முழுப்பெயர், முதலெழுத்தோடு. பள்ளியில் முன்னேற்ற அட்டையில் கையெழுத்துப் போடும் பெற்றோர் மாதிரி.

ஒன்பதாவதுக்குப் போகும் வழியில் மணி ஒன்பதரையைத் தாண்டியது. வெயில் புல்லின் மேல் நின்றது. வானம்பாடிகூட இறங்கிவிட்டது. அவள் முன்னால் ஓடுவது போல நடந்தாள். நின்றாள். நாத்தனார் பின்னால் வருகிறாளா என்று பார்த்தாள். வேகமாக வா என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. இந்த நிலத்தில் அவளுக்கு இப்போது நாத்தனாரை அதட்ட உரிமை இல்லை என்று தோன்றியது. கண் தெரியாதவர் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறவரிடம் கோபித்துக்கொள்வது போல.

ஒன்பதாவது. நின்று ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாத்தனாரின் விரல் எழுந்தது.

விரல் நேராக நின்றது. நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. தூரத்து நாணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை இறுகியிருந்தது.

"ஒண்ணு," என்றாள். "எழுதுங்க."

"எந்தப் பக்கம்?"

"எழுதுங்கன்னா எழுதுங்க."

அவள் எழுதினாள். நாத்தனார் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஆறாவது பெயர், வேன், உரிமம் எல்லாம் அந்தக் கையெழுத்துக்குள் இருந்தது. எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

"தேங்க்ஸ்," என்றாள் அவள். இத்தனை வருடத்தில் நாத்தனாரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொன்னதும் இருவருக்குமே கூச்சமாக இருந்தது.

"அதை உங்க குருவிகிட்ட சொல்லுங்க," என்றாள் நாத்தனார்.

பத்தாவது நிறுத்தம் சதுப்பின் ஓரம். ஒரு பக்கம் நீர், சேற்றில் ஓடும் உள்ளான்கள். மறுபக்கம் புல்லின் கடைசிப் பட்டை. அதில் அளவுக்காரர்கள் நட்ட மரக்குச்சிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி. நாத்தனார் அவற்றில் ஒன்றின் பக்கத்தில் போய் நின்றாள். தெரிந்தே நின்றாளா என்று சொல்ல முடியாது. நிற்க அங்கேதான் தரை காய்ந்திருந்தது.

மணி பத்து அடிக்க ஏழு நிமிடம். இங்கிருந்து வாசலுக்கு அரை மணி நடை.

"ஆரம்பிக்கலாமா?"

நாத்தனார் தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் நிமிடம். காற்று நின்றது. துணிகள் தொங்கின.

இரண்டாவது. அவள் நாத்தனாரின் முகத்தையே பார்த்தாள். கடையில் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறவர்கள் உண்டு. லாரி ஓட்டுகிறவர்கள், வாட்ச்மேன் வேலைக்குச் சான்று வேண்டுகிறவர்கள். அவர்களை அவள் கண்ணை வைத்தே பிடித்துவிடுவாள். நாத்தனாரின் கண் மூடியிருந்தது.

மூன்றாவது. அவள் தன் காதையும் கொடுத்துப் பார்த்தாள். மூச்சை நிறுத்தினாள். அங்கே ஏதோ இருப்பது போல இருந்தது. மிக மெல்லியதாக, ஓரத்தில். குருவியா, தன் ரத்தமா, ஆசையா? பத்தொன்பது வருடம் எண்ணியவளுக்கு அது தெரியவில்லை.

நான்காவது. நாத்தனாரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புருவம் நெருங்கியது. கை அசைந்தது. அண்ணியின் மனம் அந்த விரலில் போய் உட்கார்ந்துகொண்டது. கை மேலே வந்து, கன்னத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துவிட்டு, இறங்கியது.

இது இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏழில் இருக்கிறது, ஒன்பதில் இருக்கிறது, பத்தில் இல்லாமல் எங்கே போகும்? முதல் ஆறில் எத்தனையோ இருந்திருக்கும். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டவள் அவள். ஒன்று கூட்டி எழுதினால் அது பொய்யா? மூன்று வருடம் எழுதியது மட்டும் என்ன?

ஐந்தாவது நிமிடம் முடிந்தது. கடிகாரம் சொன்னது. அவள் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றாள்.

நாத்தனார் கண்ணைத் திறந்தாள். முதலில் நீரைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். பத்தாவது வரிசையில், எண்ணிக்கைக் கட்டத்தில், பேனா முனை ஊன்றியிருந்தது. அண்ணி அறியாமலேயே மேலிருந்து கீழாக ஒரு சின்னக் கோடு விழத் தொடங்கியிருந்தது.

இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார். "எனக்கு ஒண்ணும் கேக்கலைன்னு சொன்னா, அதுல என்ன எழுதுவீங்க?"